குழந்தைக்கு ஒரு சிறுத்தைப் பல்லி

செல்லப் பிராணியாக விற்கப்படும் ஊர்வனவற்றில் குழந்தைகளுக்கு ஏற்றவை மிகச் சில. கடையில் பார்க்கும்போது எல்லாமே கைக்கடக்கமாகத்தான் தெரியும். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். சிவப்புக் காது ஆமைக் குஞ்சின் நீளம் ஏறத்தாழ 3 செ.மீ. வளர்ந்த பெண் ஆமையின் ஓடு 30 செ.மீ. வரை போகும், ஆயுள் 20, 30 ஆண்டுகள். பச்சை இகுவானா ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அது கோபத்தில் வாலை வீசினால் பெரியவர்களே ஒதுங்க வேண்டும். குட்டியின் அழகில் மயங்காமல், வளர்ந்த விலங்கின் அளவையும் ஆயுளையும் பார்த்துத் தேர்வு செய்வதே முறை.

ஆமைக் குஞ்சில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஊர்வன பலவற்றின் குடலில் சால்மொனெல்லா கிருமி இயல்பாகவே இருக்கிறது. அது விலங்கை ஒன்றும் செய்வதில்லை. மனிதருக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தரும். சின்னக் குழந்தைகள் குஞ்சு ஆமையை வாயில் வைத்து நோய்வாய்ப்பட்டதால்தான், 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்க அமெரிக்கா 1975இல் தடை விதித்தது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் ஊர்வனவாகப் பரிந்துரைக்கப்படுபவை பெரும்பாலும் மூன்று. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட தாடி ஓணான் சாதுவானது, பகலில் விழித்திருப்பது. ஆனால் அரை மீட்டர் வரை வளரும். அதற்கு நான்கு அடித் தொட்டியும் புற ஊதா விளக்கும் வேண்டும். சோளப் பாம்புக்கு அவ்வளவு செலவில்லை. அதன் உணவு உறைய வைத்த எலி. ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்கு மேல்தட்டில் எலிப் பொட்டலம் இருப்பதை எத்தனை வீடுகள் ஏற்கும் என்பது வேறு விஷயம். மூன்றாவதான சிறுத்தைப் பல்லிதான் மூன்றிலும் எளிது.

லெப்பர்ட் கெக்கோ என்று கடைகளில் விற்கப்படும் இந்தப் பல்லி பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட கற்பாங்கான நிலங்களைச் சேர்ந்தது. வளர்ந்தால் 20 முதல் 25 செ.மீ. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள். நம் வீட்டுச் சுவர்ப் பல்லியிடம் இல்லாத இமைகள் இதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும். சுவர்ப் பல்லியிடம் உள்ள ஒட்டும் விரல்கள் இதற்குக் கிடையாது. அதனால் கண்ணாடியில் ஏறித் தப்பாது. அந்தி சாய்ந்ததும் வெளியே வரும் என்பதால், பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைக்கு மாலையில் பார்க்கக் கிடைக்கும். பல பத்தாண்டுகளாக வளர்ப்பிடங்களிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுவதால் காட்டில் பிடித்ததை வாங்க வேண்டிய அவசியமில்லை.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வால். கொழுப்பைச் சேமிக்கும் இடம் அதுதான். தடித்திருந்தால் பல்லி நலம், குச்சியாக இருந்தால் நோயோ பட்டினியோ. கண் தெளிவாக இருக்க வேண்டும், விரல் எதுவும் உதிர்ந்திருக்கக் கூடாது. கண்ணெதிரே ஒரு பூச்சியைத் தின்னச் செய்து காட்டும்படி கடைக்காரரைக் கேட்பதில் தவறில்லை. விசித்திர நிறங்களுக்கு ஆசைப்படுவது நல்லதல்ல. ‘லெமன் ஃபிராஸ்ட்’ என்ற நிற வகைக்குத் தோலில் கட்டிகள் வருகின்றன. ‘எனிக்மா’ வகை சமநிலை தவறித் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றும். சாதாரணப் புள்ளிப் பல்லியே அழகுதான்.

பல்லி வருவதற்குச் சில நாள் முன்பே அதன் வீடு தயாராக வேண்டும். ஊர்வன தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிப் போய்த்தான் அதைச் சரிசெய்துகொள்கின்றன. எனவே 90 செ.மீ. நீளமுள்ள தொட்டியில் ஒரு முனை 32 டிகிரி செல்சியஸ் அளவில், மறுமுனை 25 டிகிரியில் இருப்பது நல்லது. அடியில் வைக்கும் வெப்பத் தகடோ மேலே தொங்கும் விளக்கோ எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பொருத்தக் கூடாது. ‘சூடேறும் கல்’ என்று விற்பதை வாங்கவே வேண்டாம். அதன்மேல் படுத்து வயிறு வெந்துபோன பல்லிகள் உண்டு. தரையில் மணல் பரப்பினால் இரையோடு அதையும் விழுங்கிக் குடலை அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு என்பதால் புதிதாக வளர்ப்பவர்களுக்குக் காகிதமோ ஓடோ போதும். இரு முனைகளிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பொந்து, ஈரப் பாசி வைத்த மூன்றாவது பொந்து ஒன்று, ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம். ஒரு தொட்டிக்கு ஒரு பல்லிதான். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டை நிச்சயம்.

ஈரப் பொந்து சட்டை உரிக்கும்போது தேவைப்படுகிறது. அதற்கு ஓரிரு நாள் முன் பல்லி வெளுத்துச் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். பிறகு வாயால் தோலைக் கவ்வி, காலுறை கழற்றுவதுபோல் இழுத்து, உரித்ததை அப்படியே தின்றுவிடும். விரல் நுனியில் தோல் ஒட்டிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று அந்த விரலே உதிர்ந்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் விரல்களைப் பார்ப்பது நல்ல பழக்கம். பிள்ளையிடம் ஒப்படைக்கத் தகுந்த வேலையும்கூட.

உணவு உயிருள்ள பூச்சிகள்: சில்வண்டு, கரப்பான், மீல்வார்ம் புழு. இலை தழை தொடாது. பூச்சியின் அளவு பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். கால்சியமும் டி3 வைட்டமினும் குறைந்தால் எலும்பு மெலிந்து கால் வளையும். வேட்டை பார்க்கத் தகுந்த காட்சி: பல்லி உடலைத் தாழ்த்தி அசையாமல் நிற்கும், வால் நுனி மட்டும் துடிக்கும், அடுத்த கணம் பூச்சி வாயில். தப்பிய சில்வண்டு அலமாரிக்குப் பின்னால் இரவெல்லாம் கத்துவதும் இதில் சேர்த்தி.

புதிதாக வந்த பல்லியை முதல் ஒன்றிரண்டு வாரங்கள் தொடாமல் விட வேண்டும். பிறகு தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தாழ்த்தி அது தானாக ஏற விடலாம். வாலைப் பிடித்தால் வாலை உதிர்த்துவிட்டு ஓடும். மீண்டும் முளைப்பது பழைய வால்போல் இராது, குட்டையாகக் குண்டாக இருக்கும். தொட்ட பின் சோப்பால் கை கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஊர்வன வேண்டாம் என்பதே மருத்துவர்களின் பரிந்துரை.

இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி 16 வயதுக்கு உட்பட்டவருக்கு விலங்கை விற்பது குற்றம். பிள்ளையின் பிராணிக்குப் பெற்றோரே பொறுப்பு. இந்தியாவில் சட்டம் வேறு பக்கம் கண் வைத்திருக்கிறது. அதிர்ஷ்டம் தரும் என்று தமிழ்நாட்டில் சிலர் வளர்க்கும் நட்சத்திர ஆமை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, வைத்திருந்தாலே சிறை. பச்சை இகுவானா, பால் பைத்தான் போன்று, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சிடீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்போர் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

சிறுத்தைப் பல்லி 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். எட்டு வயதில் அதைக் கேட்டு அடம்பிடித்த பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் தொட்டியில் இருக்கும். அப்போது பூச்சி போடப்போவது அம்மாவோ அப்பாவோதான். ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். வளர்க்க முடியாமல் போனால் விலங்கு மீட்பு அமைப்பிடமோ வேறொரு வளர்ப்பாளரிடமோ கொடுக்கலாம், வெளியே மட்டும் விடக் கூடாது. ஃபுளோரிடாவில் அப்படித் தப்பியும் விடப்பட்டும் போன இகுவானாக்கள் இன்று கால்வாய்க் கரைகளைக் குடைந்துகொண்டிருக்கின்றன.