மலை ஏறும் முன்...



தேர்வு முடிந்ததும் நம் பங்கு இளையோரிடமிருந்து வரும் முதல் கேள்வி, "ஒரு நாள் மலைக்குப் போகலாமா?" என்பதுதான். நல்ல ஆசை. ஆனால் வேன் வாடகையையும் மதிய உணவையும் பேசி முடிப்பதோடு நம் திட்டமும் முடிந்துவிடுகிறது. மலையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

2018 மார்ச் 11-ஐ நாம் மறந்திருக்க மாட்டோம். தேனி மாவட்டம் குரங்கணி மலைக்கு விடுமுறை நாளில் மகிழ்ச்சியாகச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலும் இளம் வயதினர். கோடையில் காய்ந்த புல், உரிய அனுமதி இல்லாத பாதை, தப்பிக்க வழி தெரியாத பதற்றம் என எல்லாம் அன்று ஒன்றுசேர்ந்தன. அதன்பிறகே தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து, வழிகாட்டியோடு செல்லும் முறையைத் தொடங்கியது. காட்டுப்பாதை என்றால் இந்த வழியில் பதிவு செய்துவிட்டுச் செல்வதே நல்லது.

எந்த மலை?

திருவெள்ளறை, மண்ணச்சநல்லூர் பகுதியில் இருப்பவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து இவ்வழியே செல்லும் துறையூர்ப் பேருந்தில் ஏறினால் போதும். துறையூரிலிருந்து பெரம்பலூர் செல்லும் சாலையில் சில கிலோமீட்டரில் பெருமாள்மலை இருக்கிறது. படிகள் 1500-க்கும் மேல். உச்சிக்கு வாகனப் பாதையும் உண்டு. எனவே ஏற முடியாத பெரியவர்களை மேலே வந்து சந்திக்கச் சொல்லலாம்; யாருக்காவது முடியாமல் போனால் வண்டியில் இறக்கிவிடலாம். இது நம் இந்துச் சகோதரர்களின் கோவில் மலை என்பதால் அங்குள்ள வழக்கங்களை மதித்து நடப்போம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அதிகம், அந்நாள்களைத் தவிர்ப்போம்.

நம்மால் முடியுமா?

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி நம் மலைக்கோட்டை. உயரம் 83 மீட்டர். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். அதில் ஏறி, உச்சியிலிருந்து லூர்து அன்னை ஆலயக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மறுநாள் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பெருமாள்மலை இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஏறக் கூடாது. 2024-இல் கோவை வெள்ளியங்கிரி மலையில் ஏறிய பக்தர்கள் சிலர் உடல்நலம் குன்றி இறந்த செய்தி நமக்கு எச்சரிக்கை.

எப்போது?

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். விடுமுறை என்றாலே ஏப்ரல், மே என்கிறோம். அப்போது திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பாறையும் படியும் கொதிக்கும். கிறிஸ்துமஸ் முடிந்து வரும் அரையாண்டு விடுமுறையே ஏற்ற காலம். அப்போதும் விடிந்தவுடன் ஏறத் தொடங்கி, 10 மணிக்குள் அடிவாரம் வந்துவிட வேண்டும். "ஒன்பது மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புவோம்" என்று புறப்படும் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். மேலே போய் முடிவெடுத்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

என்ன எடுத்துச்செல்வது?

திருவெள்ளறையில் ஸ்வஸ்திக வடிவக் கிணறு இருக்கிறதே, அது தந்திவர்ம பல்லவன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800-இல், கம்பன் அரையன் என்பவர் அமைத்தது. பாறை நிறைந்த இந்த ஊரில் தண்ணீரின் அருமையை அவர் அறிந்திருந்தார். நாமும் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துச்செல்வோம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், கடலை மிட்டாய், வாழைப்பழம், தொப்பி, கட்டுத்துணி போதும். கையில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடாதீர்கள், குரங்கு பறிக்கும்.

கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பலமுள்ள ஒருவர் கடைசியில் வரட்டும். ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் தலை எண்ணுங்கள். யாருக்காவது தலைசுற்றல், வாந்தி, உளறல் இருந்தால் உடனே நிழலில் படுக்க வைத்து, உடலை நனைத்து, 108-ஐ அழையுங்கள். இறங்கும்போது ஓட வேண்டாம். கால் சோர்ந்திருப்பதால் இடறுவது அப்போதுதான்.

எலியா இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். ஓரேபு மலைக்குப் போகும் முன் சோர்ந்து படுத்த அவரை வானதூதர் உடனே நடக்கச் சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். கடவுளின் மலைக்குப் போகிறவருக்கே ஆயத்தம் தேவைப்பட்டது என்றால், நமக்கு?

உச்சியைத் தொட முடியாமல் திரும்பினாலும் வருத்தம் வேண்டாம். மலை அங்கேயே இருக்கும். நம் பிள்ளைகள் மாலையில் வீடு வந்து சேர்ந்தால்தான் பயணம் நிறைவு பெறும்.