மருந்தை மறைத்தால் பரிசோதனை ஏமாற்றும்

கிளினிக் நாள் வருமுன் நாலைந்து நாட்களுக்கு மட்டும் கொத்தல ஹிம்புட்டு அவித்துக் குடிப்பதும், பாகற்காய்ச் சாறு குடிப்பதும் எம்மவர்களிடையே உண்டு. சீனி கூடியிருந்தால் வைத்தியர் ஏசுவாரே என்ற பயம்தான் காரணம். மஸ்கெலியாவில் ஒரு நாள் பேரை இழந்து வைத்தியசாலைக்குப் போகிறோம். அங்கே கிடைக்கும் முடிவு உண்மையானதாக இருக்க வேண்டாமா?

கொத்தல ஹிம்புட்டு பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. உணவிலுள்ள மாப்பொருள் குடலில் சீனியாக மாறுவதை அது தாமதப்படுத்துகிறது. மூன்று மாதம் அதன் தேநீரை அருந்திய நோயாளரிடம் பலன் தெரிந்ததாக 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்று கூறியது. ஆனால் சாதாரண இரத்தப் பரிசோதனை அந்த நேரத்துச் சீனியை மட்டுமே காட்டும். முடிவு நன்றாக இருந்தால், கொடுத்த மாத்திரை போதும் என்று வைத்தியர் எண்ணுவார். கசாயத்தை நிறுத்தியதும் சீனி மீண்டும் ஏறும். கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் சத்தமின்றிக் கெடும். மாறாக, மாத்திரையுடன் சேர்த்துக் குடித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி, மலைச்சரிவில் மயங்கி விழவும் கூடும்.

இன்னொரு வகை ஏமாற்றமும் உண்டு. இதில் உடம்பு மாறுவதில்லை, பரிசோதனையே தவறுகிறது. வைட்டமின் சி மாத்திரையை அதிகமாக எடுத்தால் அது சிறுநீரில் வெளியேறும். அப்போது சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டியில் நிறம் சரியாக மாறாது. சீனி இருந்தும் இல்லை என்று காட்டலாம். நீலக் கரைசலுடன் சூடாக்கிப் பார்க்கும் பழைய முறையிலோ, அதே வைட்டமின் இல்லாத சீனியை இருப்பதாகக் காட்டலாம். நெல்லியிலும் இந்த வைட்டமின் மிகுதி.

இது எம் தோட்டங்களுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. முடி வளர்வதற்கென விற்கும் மாத்திரைகளிலுள்ள பயோட்டின் பற்றி 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அதை அதிக அளவில் எடுத்த ஒருவருக்கு, மாரடைப்பை அறியும் ட்ரோபோனின் பரிசோதனை தவறாகக் குறைத்துக் காட்டியது, அவர் இறந்துபோனார்.

ஆகவே நாம் செய்ய வேண்டியது எளிது. குடிக்கும் கசாயம், சூரணம், சத்து மாத்திரை எதுவானாலும் போத்தலையோ பொட்டலத்தையோ கிளினிக்குக்குக் கொண்டு போவோம். எப்போது தொடங்கினோம், கடைசியாக எப்போது எடுத்தோம் என்பதைச் சொல்வோம். சுமார் மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை தேவையா என்று கேட்போம். வைத்தியரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

ஏச்சு ஒரு நிமிடத்தில் தீரும். பொய்யான முடிவின் கேடு ஆயுள் முழுவதும் தொடரும்.