துண்டுச் சீட்டும் சுதந்திரமும்

சுதந்திரம் என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுவோர் உண்டு. மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன்மார் அதற்குப் பொருள் தேடிய இடம் ஒரு துண்டுச் சீட்டு. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிப்போம் எனத் தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு அது. வேறு தோட்டத்தார் அத்தொகையைக் கட்டினாலன்றித் தொழிலாளியின் கால் நகராது. தன் தலைமீது ஏறிய கடன் எவ்வளவு என்பதைத் தானே வாசித்தறிய அவனுக்கு எழுத்தும் தெரியாது. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் அதன் ஆவி ஒழிந்ததா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

தனிமனித சுதந்திரத்தைப் போற்றும் அறிஞர்கள் அரசாங்கத்தின் நீண்ட கையையே முதலில் அஞ்சுவர். ஜான் ஸ்டுவர்ட் மில் 1859இல் வெளியிட்ட நூலில், அரசே நடத்தும் கல்வி மக்களை ஒரே அச்சில் வார்த்துவிடும் என எச்சரித்தார். அரசைக் குறித்த அச்சத்துக்கு நம் மலையகத்தைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டு அரசுகளும் கூடி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பார்ப்போம் எனப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களின் விருப்பத்தை எவரும் கேட்டாரில்லை.

ஆயினும், அரசின் கை எட்டாத இடத்தில் சுதந்திரம் தானே முளைத்துவிடும் என்று நம்புவோர் நம் தோட்டப் பாடசாலைகளின் கதையைச் சற்றே கேட்கவேண்டும். தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிருவாகத்திடமே விட்டது. படித்த பிள்ளை கூடை சுமக்க வராது என்னும் கணக்கைத் துரைமார் பலர் போட்டிருந்தனர். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் அதன் வெளிச்சம் தோட்டத்து எல்லையிலேயே நின்றது. 1970களில் அரசு அப்பாடசாலைகளை ஏற்ற பின்னரே உயர் வகுப்புகளின் கதவு மெல்லத் திறந்தது. வாக்கைப் பறித்த அதே அரசு பள்ளியைத் திறந்துவிட்டது என்றால், தோட்டமும் ஒரு குட்டி அரசாங்கமாகவே இருந்தது என்றுதானே பொருள்?

அக்குட்டி அரசாங்கத்தின் எல்லைக்குள் வெளியார் எளிதில் நுழைய இயலாது. கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டே தோட்டங்களுக்குள் சென்று மக்களின் நிலையைக் கண்டறிந்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரின் துயரைப் பாடல்களாக்கிக் கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாதார்க்குப் பாட்டே பத்திரிகை. அதைத் தடுக்க எந்த வாயிற்காவலனாலும் முடிவதில்லை. லயத்து வானொலியில் ஒலிக்கும் பாட்டைக் கேட்டு முகஞ் சுளிக்கும் நம் ஆசிரிய நண்பர்கள் இதனை நினைவிற் கொள்வது நன்று.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரசாவுரிமைச் சிக்கல் பெரிதும் தீர்ந்தது. ஆனால் வீடு? லயத்து அறை தோட்டத்துக்கே சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது அங்கே வேலை செய்தால்தான் குடியிருப்பு நிலைக்கும் என்பது நெடுங்கால வழக்கம். பலருக்குக் கடிதங்கூடத் தோட்ட அலுவலகம் வழியாகவே வந்து சேர்கிறது. நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் கொழும்பில் அரசும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் பேசினர். 'இக்கூலி எனக்குக் கட்டாது. நான் போகிறேன்' என்று சொல்லும் வலிமை ஒரு தரப்புக்கு இல்லாதபோது அதைச் சந்தை என்பது எங்ஙனம்? வேலையை விட்டால் தலைக்குமேல் கூரை போய்விடும் என்று ஒரு தாய் அஞ்சுவாளாயின், அந்தக் கூரையே இன்றைய துண்டுச் சீட்டு.

இளைஞர்கள்தாம் கொழும்புக்குப் போய்விடுகிறார்களே என்பர் சிலர். உண்மைதான். அவர்கள் போகையில் பெற்றோரை அந்த லயத்திலேதான் விட்டுச் செல்கின்றனர்.

மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோர் கேட்டவற்றுள் காணியுரிமையும் ஒன்று. இந்திய உதவியோடு அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் தனி வீடுகள் எழுந்துள்ளன. 7 பேர்ச் காணி என்ற பேச்சும் பழகிவிட்டது. வீட்டோடு தெளிவான உறுதிப்பத்திரமும் கைக்கு வந்தாலன்றி அது பாதி வரமே. விற்கவும், அடகு வைக்கவும், மகளுக்கு எழுதி வைக்கவும் உரிமை தரும் பத்திரமே மனிதனை எவர் முன்னும் நிமிரச் செய்யும். அரசும் கம்பெனியும் அதை இரக்கத்தால் தரும் கொடையாக எண்ணுதல் ஆகாது.

ஆசிரியப் பெருமக்களே, அப்பத்திரம் ஒரு நாள் வந்தே தீரும். வரும்போது அதனை வரிவரியாக வாசித்துப் பொருள் கேட்கவல்ல தலைமுறை நம் வகுப்பறைகளில் இன்றே உருவாகட்டும். பாட்டன் வாசிக்க இயலாத சீட்டின் கடனைப் பேத்தி அவ்வாறுதான் தீர்க்க முடியும்.