சூடு பிடிக்கும், புளிப்பு பிடிக்காது

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்கா முழுக்க வெந்நீர் ஊற்றுகள். 1966இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிராக்கும் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அங்கே மஷ்ரூம் ஊற்றில் எடுத்த மாதிரியை 70 டிகிரி செல்சியஸில் வைத்து வளர்த்தார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு பாக்டீரியா வளர்ந்தது. அதற்குமுன் தேடியவர்கள் பெரும்பாலும் 55 டிகிரியோடு நிறுத்திக்கொண்டதால் அவர்கள் கண்ணில் அது படவில்லை. 1969இல் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள்.

தெர்மஸ் பேரினத்துக்குச் சூடு வேண்டும், அமிலம் ஆகாது. அதே பூங்காவின் அமில ஊற்றுகளை வேறு நுண்ணுயிர்களுக்கு விட்டுவிடும். இதே பேரினத்தில் ஜப்பானின் இஸுவில் கிடைத்த இனம் தெர்மோஃபிலஸ். வெந்நீர் ஊற்றுதான் வேண்டுமென்பதும் இல்லை. வீடுகளின் வெந்நீர்த் தொட்டிகளிலும் தெர்மஸ் குடியிருப்பதை பிராக் 1973இல் காட்டினார். பயப்பட வேண்டாம், நோய் தருகிற ஜாதியல்ல இது.

தெர்மஸ் வாழும் சூட்டில் நம் உடம்பின் புரதங்கள் அவித்த முட்டைபோல் இறுகிப்போகும். தெர்மஸின் புரதங்கள் உள்ளுக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, கூடுதல் பிணைப்புகளோடு நிற்பவை. இதுதான் டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனைக்குக் கைகொடுத்தது. டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 95 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். படியெடுக்க முதலில் பயன்படுத்திய ஈ.கோலை பாக்டீரியாவின் நொதி அதில் செத்துப்போகும். சுற்றுக்குச் சுற்று புதிதாகச் சேர்த்தார்கள். தெர்மஸ் அக்வாட்டிகஸின் 'டாக்' நொதியை ஒருமுறை போட்டால் போதும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளி மாதிரியைச் சோதித்ததும் இந்த முறையில்தான்.

பி.சி.ஆரைக் கண்டுபிடித்த கேரி முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு. பி.சி.ஆரின் உரிமையை ரோஷ் நிறுவனம் 1991இல் 30 கோடி டாலருக்கு வாங்கியது. பூங்காவுக்கு ஒரு சல்லிக்காசு வரவில்லை. விழித்துக்கொண்ட பூங்கா நிர்வாகம், 1997இல் டைவர்சா என்ற உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தோடு லாபத்தில் பங்கு கேட்டு ஒப்பந்தம் போட்டது.

டாக் புகழில் தெர்மோஃபிலஸை மறந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ பெரிய கதை அதுதான். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் வடிவத்தை அறிய அப்போது அதைப் படிகமாக்க வேண்டியிருந்தது. சாதாரண பாக்டீரியாவின் ரைபோசோம் எளிதில் குலைந்துவிடும், தெர்மோஃபிலஸுடையது தாங்கும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் குழு இந்த ரைபோசோமின் 30எஸ் எனும் சிறுகூற்றின் அமைப்பை 2000இல் அணு அளவில் வெளியிட்டது. 2009இல் அவர் நோபலைப் பகிர்ந்துகொண்டார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து ரைபோசோமில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பதும் அந்தப் படிகங்களில்தான் தெரியவந்தது.