தினம் 100 ரூபாய்... வருஷத்துக்கு நாலு தடவை 'விழும்'... ஆனாலும் பாதிப் பணம் போச்சு! - மூணு நம்பர் லாட்டரியின் அசல் கணக்கு

பழனியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் சில கிலோமீட்டர் வந்தால் ஆயக்குடி. கொய்யாவுக்குப் பேர் போன ஊர். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து வந்து இறங்கும் பெட்டிகளுக்கு இங்குள்ள சந்தையில் விலை பேசுவார்கள். பெட்டிக்குப் பத்து ரூபாய் குறைந்தாலும் விவசாயி விட மாட்டார்; பத்து ரூபாய் கூடினாலும் வியாபாரி அசைய மாட்டார். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன், வண்டி வாடகை என எல்லாமே விரல் நுனியில் இருக்கும்.

இப்படி மனக்கணக்கில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள்கூட ஒரு கணக்கில் மட்டும் சறுக்கிவிடுகிறார்கள். அதுதான் 'மூணு நம்பர்'. இது ஆயக்குடிக்கு மட்டுமான கதை இல்லை. 'தடை செய்யப்பட்ட லாட்டரி விற்றவர் கைது' என்ற செய்தி திண்டுக்கல், பழனி வட்டாரத்தில் தொடங்கி தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வந்துகொண்டேதான் இருக்கிறது. 2003-ல் தடை வந்து 20 வருடங்களுக்கு மேல் ஆகியும் இது நிற்கவில்லை.

விற்பவர்களைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். நம்பர் விழுமா, விழாதா என்பது கேள்வியே இல்லை. விழுந்தாலும் நஷ்டம் எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

டிக்கெட்டே இல்லாத லாட்டரி!

கேரள அரசு லாட்டரிக்குத் திருவனந்தபுரத்தில் தினமும் பிற்பகலில் குலுக்கல் நடக்கிறது. அச்சடித்த டிக்கெட்டில் இரண்டு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும் இருக்கும். கேரளத்தில் அது சட்டபூர்வமானது.

தமிழ்நாட்டில் நடக்கும் மூணு நம்பர் விளையாட்டில் அந்த டிக்கெட் தேவையே இல்லை. முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் என்னவாக இருக்கும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் தருவார்கள், அல்லது வாட்ஸ்அப்பில் பதிவு செய்துகொள்வார்கள். கேரள அரசுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அரசு குலுக்கலின் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாள் நடத்தும் சூதாட்டம் இது. கேரளத்திலும் இது குற்றம்தான். அங்கே இதற்கு 'எழுத்து லாட்டரி' என்று பெயர்.

ஆயிரத்தில் ஒன்று

000-ல் தொடங்கி 999 வரை மொத்தம் ஆயிரம் எண்கள். நீங்கள் எழுதுவது அதில் ஒன்று. வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று.

பரிசுத் தொகை ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக 10 ரூபாய் சீட்டுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் ஆயிரம் எண்களையும் ஆளுக்கொன்றாக எழுதினால் வசூல் 10,000 ரூபாய். ஒருவருக்கு விழும், அவருக்கு 5,000 ரூபாய் போகும். மீதி 5,000 ரூபாய் நடத்துபவருக்கு. அதாவது, நீங்கள் 10 ரூபாய் கொடுக்கும் நொடியிலேயே அதன் உண்மையான மதிப்பு 5 ரூபாயாகிவிடுகிறது.

இதை காசினோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோவாவிலும் சிக்கிமிலும் உரிமத்தோடு காசினோக்கள் நடக்கின்றன. ஐரோப்பிய முறை ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள் இருக்கும். ஒரு எண்ணில் 10 ரூபாய் கட்டி ஜெயித்தால், கட்டிய பணத்தோடு சேர்த்து 360 ரூபாய் கையில் வரும். 37 எண்களிலும் பத்துப் பத்து ரூபாய் கட்டினால் செலவு 370 ரூபாய். திரும்ப வருவது 360 ரூபாய். காசினோ எடுத்துக்கொள்வது 100 ரூபாய்க்கு சுமார் 2 ரூபாய் 70 காசு. அந்த 2 ரூபாய் 70 காசில்தான் மாளிகை போன்ற அந்தக் கட்டடங்களே எழும்புகின்றன. நம் ஊர் துண்டுச்சீட்டு 100 ரூபாய்க்கு 50 ரூபாயை எடுத்துக்கொள்கிறது!

ஜெயித்தவரின் நஷ்டம்

'இல்லைங்க... அவருக்குப் போன மாசம்கூட விழுந்துச்சே' என்று யாராவது சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். இந்த விளையாட்டின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

ஒருவர் தினமும் 100 ரூபாய்க்குப் பத்து வெவ்வேறு எண்களை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வாய்ப்பு நாளொன்றுக்கு நூறில் ஒன்று. 365 நாள் ஆடினால் சராசரியாக மூன்று அல்லது நான்கு முறை விழும். ஒவ்வொரு முறையும் 5,000 ரூபாய் மொத்தமாகக் கையில் வரும். அன்று வீட்டுக்கு பிரியாணி வரும். தெருவே பேசும்.

ஆனால், அந்த வருடத்தில் அவர் கட்டியது 36,500 ரூபாய். நான்கு முறை விழுந்தால் வந்தது 20,000 ரூபாய். நஷ்டம் 16,500 ரூபாய். போட்ட பணத்தைத் தாண்ட வேண்டுமானால் வருடத்தில் எட்டு முறையாவது விழ வேண்டும். போவது நூறு நூறாகப் போகிறது. வருவது ஐயாயிரமாக வருகிறது. அதனால் வந்தது மட்டும் மனதில் நிற்கிறது.

சூதுக்கென்றே 94-வது அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவர், சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் முள்ளை இரையென்று நினைத்து விழுங்கும் மீனோடு ஒப்பிடுகிறார். துண்டுச்சீட்டில் நடப்பது அதுவேதான்.

'ஒரு நம்பர்ல போச்சு!'

நீங்கள் 482 எழுதுகிறீர்கள். முடிவு 487. 'சே, ஒரு நம்பர்ல போச்சு' என்று மனசு அடித்துக்கொள்ளும். நாளைக்குக் கண்டிப்பாக விழும் என்று தோன்றும்.

ஆயிரம் எண்களில், நீங்கள் எழுதியதோடு இரண்டு இலக்கங்கள் அதே இடத்தில் பொருந்தும் எண்கள் 27. ஒரே ஒரு இலக்கம் மட்டும் பொருந்துபவை 243. மொத்தம் 270 எண்கள் உங்களை 'நெருங்கி வந்துட்டோம்' என்று நினைக்க வைக்கும். ஒரே ஒரு எண்ணை எழுதினால்கூட, ஏறக்குறைய நாலு நாளைக்கு ஒருமுறை இந்த 'நெருக்கம்' தானாகவே வந்துவிடும். அதற்கும் நாளைய முடிவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இன்னொரு நம்பிக்கை, 'இந்த நம்பர் ரொம்ப நாளா வரலை; அதனால இப்ப வந்தே ஆகணும்' என்பது. 1913 ஆகஸ்ட் 18-ம் தேதி மான்டே கார்லோ காசினோவில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. 'இத்தனை தடவை கறுப்பு வந்தாச்சு. அடுத்தது சிவப்புதான்' என்று கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். போன முறை என்ன வந்தது என்பது பந்துக்கு ஞாபகம் இருக்காது. குலுக்கல் இயந்திரத்துக்கும் அப்படித்தான்.

'கெஸ்ஸிங்' குருமார்கள்

யூடியூபிலும் டெலிகிராமிலும் 'இன்றைய கெஸ்ஸிங்', 'பாக்ஸ் நம்பர்', 'ஏ போர்டு, பி போர்டு' என்று வீடியோக்கள் குவிகின்றன. பழைய முடிவுகளைக் கட்டம் போட்டு, கூட்டிக் கழித்து, 'இன்னிக்கு இதுதான்' என்பார்கள். சிலர் இதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகிறார்கள்.

அவர்கள் சொல்வது எப்படிச் சில நேரம் பலிக்கிறது? ஆயிரம் பேருக்கு ஆளுக்கொரு எண்ணாக ரகசியமாக அனுப்பினால் போதும். யாராவது ஒருவருக்குப் பலித்தே தீரும். அவர் நன்றி சொல்லி அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் அடுத்த நாள் விளம்பரமாகிவிடும். மீதி 999 பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்க மாட்டார்கள். நாளைய எண் உண்மையாகவே தெரிந்தவர் அதை 200 ரூபாய்க்கு உங்களிடம் ஏன் விற்கப்போகிறார்?

'விழாவிட்டால் நாட்டுக்கு'... அன்று!

தமிழ்நாட்டிலும் அரசு லாட்டரி நடத்தியிருக்கிறது. 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது தொடங்கப்பட்ட பரிசுச்சீட்டுக்கு, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பதுதான் விளம்பர வாசகம். பிறகு லாட்டரி மோகம் கூலித் தொழிலாளர் குடும்பங்களைக் குலைக்கிறது என்ற குரல் வலுத்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சி எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. இன்றைய மூணு நம்பரில் விழாவிட்டால் பணம் நாட்டுக்குப் போகாது. வரியாகவும் வராது, மருத்துவமனையாகவும் மாறாது.

மத்திய அரசின் 1998-ம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தரும் 'ஒரு நம்பர்' லாட்டரியை மாநில அரசுகள்கூட நடத்த முடியாது. சட்டத்தை மீறி லாட்டரி விற்றால் இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். வாங்குபவருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. எண் விழுந்த பிறகு சீட்டு எழுதியவர் கைவிரித்துவிட்டால், எந்த நீதிமன்றத்திலும் போய்க் கேட்க முடியாது.

செல்போனில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கும் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை போட்டிருக்கிறது. அதனால், 'ஆப்ல தானே ஆடுறேன்' என்பதும் எடுபடாது.

25 கோடி அடித்தவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் முதல் பரிசு, வாளையாறில் டிக்கெட் வாங்கிய திருப்பூர்ப் பகுதி நண்பர்கள் நான்கு பேருக்கு விழுந்தது. அது அரசு விற்ற உண்மையான டிக்கெட். அந்த முறை விற்றவை 75 லட்சத்துக்கும் மேல். 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை சுமார் 21.6 லட்சம். பச்சைக் குழந்தை முதல் பல்லுப்போன பாட்டி வரை மாவட்டத்தில் ஒருவர் விடாமல் ஆளுக்கு மூன்று டிக்கெட் வாங்கியிருந்தாலும், முதல் பரிசு மாவட்டத்துக்கு வெளியே போக வாய்ப்பிருக்கிறது. நான்கு பேரின் படம் பேப்பரில் வந்தது. மற்ற லட்சக்கணக்கானவர்களின் படம் எங்கேயும் வரவில்லை.

விட்டதைப் பிடிக்கும் வேகம்

ஆபத்து 100 ரூபாயில் இல்லை. 'விட்டதைப் பிடிச்சுட்டு நிறுத்திடுறேன்' என்ற நினைப்பில்தான் இருக்கிறது. 100 ரூபாய் 500 ஆகும். கைமாற்று கந்துவட்டியாகும். மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போகும்.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம் மொத்தமாக உயிரை விட்டது. கணவன், மனைவி, மூன்று பெண் குழந்தைகள். மூணு நம்பர் லாட்டரியில் விட்ட பணமும் அதனால் சேர்ந்த கடனுமே காரணம் என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ தமிழ்நாட்டையே உலுக்கியது. லாட்டரி விற்றவர்கள் கைதானார்கள். குழந்தைகள் திரும்ப வரவில்லை.

வீட்டில் யாராவது பிற்பகல் மூன்று மணியானதும் போனோடு ஒதுங்கினால், சம்பளத்தில் காரணமில்லாமல் துண்டு விழுந்தால், சின்னச் சின்னக் கடன்கள் வெளியே தெரிய வந்தால், சண்டைக்கு முன் ஒரு வருடக் கணக்கை நோட்டில் எழுதிக் காட்டுங்கள். கட்டியது ஒரு பக்கம், வந்தது மறுபக்கம். கடனை மறைக்காமல் சொல்ல இடம் கொடுங்கள். கடனை அடைக்க மறுபடி சீட்டு எழுதுவதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். அதே 100 ரூபாயை, மாதம் 3,000 என்று தபால் நிலைய ஆர்.டி-யில் 6.7 சதவிகித வட்டியில் போட்டால், ஐந்து வருடத்தில் சுமார் 2.14 லட்சம் ரூபாய் கையில் இருக்கும்.

அதே ஊரில் இன்னொரு நம்பர்

ஆயக்குடிக்குக் கொய்யாவைத் தவிர இன்னொரு பெயரும் உண்டு. மக்கள் மன்றத்தின் இலவசப் பயிற்சி மையம். சனி, ஞாயிறுகளில் பல மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்து, தரையில் உட்கார்ந்து அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள்.

அதுவும் எளிதான வாய்ப்பு இல்லைதான். 2024 குரூப் 4 தேர்வில் முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். சுமார் 320 பேருக்கு ஓர் இடம். பிறகு இடங்களின் எண்ணிக்கை கூடியது.

அப்படியென்றால் அதுவும் சூதாட்டம்தானா? இல்லை. அங்கே இந்த வாரம் பத்துக் கணக்கு கூடுதலாகப் போட்டவரின் வாய்ப்பு போன வாரத்தைவிடக் கூடுகிறது. இந்த வருடம் கிடைக்காவிட்டாலும் படித்தது கையில் இருக்கும். மூணு நம்பரில் ஆயிரம் நாள் ஆடியவருக்கும் இன்றைக்குத்தான் முதல் சீட்டு எழுதுபவருக்கும் வாய்ப்பு ஒன்றேதான், ஆயிரத்தில் ஒன்று.

இந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே நிகழ்தகவு பாடம் இருக்கிறது. இன்று மாலை உங்கள் வீட்டுப் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள், சொல்லிவிடும்.

(கடனாலோ மன உளைச்சலாலோ தவிப்பவர்கள் தயங்காமல் பேசலாம். தமிழ்நாடு அரசின் உதவி எண்: 104. டெலி மானஸ்: 14416. சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050.)