ஏ.சி. குளிரவில்லையா? காஸ் அடிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

வவுனியாவில் உம்மாவின் கிளினிக்கை முடித்துக்கொண்டு முல்லைத்தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மத்தியான வெயில். மாங்குளம் சந்தியில் திரும்பி ஒட்டுசுட்டானை நெருங்கும்போது ஏ.சி. வெறும் சூட்டுக் காற்றைத்தான் ஊதியது. பிரஷர் உள்ள உம்மா பின் சீட்டில் மயங்கிச் சாய்ந்துவிட்டார். மர நிழலில் நிறுத்தி, கதவுகளைத் திறந்து, முகத்தில் தண்ணீர் தெளித்த பிறகுதான் கண் திறந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

அதற்கு முன் இரண்டு தடவை காஸ் அடித்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு கிழமைதான் குளிர்ந்தது. கராஜில் கேட்டால், "காஸ் முடிஞ்சிருச்சு, அடிச்சா சரி" என்பார்கள். நானும் காசைக் கொடுத்துவிட்டு வருவேன். பெற்றோல் போல ஏ.சி. காஸ் எரிந்து தீர்வதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்134ஏ. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிவரும். அது சீக்கிரம் குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். ஒழுக்கை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை.

மூன்றாவதாக வேறொரு இளைஞரிடம் போனேன். அவர் காஸ் சிலிண்டரைத் தொடவேயில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரைப் பார்த்தார். நம் கிரவல் பாதைகளின் சிவப்புத் தூசி அதில் அப்பிக் கிடந்தது. ஓரிடத்தில் மட்டும் தூசி கறுத்து, எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருந்தது. கல் தெறித்து விழுந்த ஊசித்துளை அங்கேதான் இருந்தது. காஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசிவதால் அந்தக் கறை.

கண்டென்சரையும் டிரையரையும் மாற்றி, வெக்கியூம் பம்ப் போட்டுக் குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, பொனட்டுக்குக் கீழே ஸ்டிக்கரில் எழுதியுள்ள அளவுக்கே காஸ் நிரப்பினார். கூடினாலும் குளிராது என்றார்.

எல்லோருக்கும் இதே கோளாறாக இருக்காது. ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிறதா? கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். காற்று குளிராக இருந்தும் மெதுவாக வந்தால் கெபின் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள்; வன்னியில் அது சீக்கிரம் அடைத்துவிடும். கம்ப்ரசர் கிளச் பிடிக்கவே இல்லையென்றால் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். கண்டென்சரைக் கழுவும்போது சேர்விஸ் நிலையத்து அழுத்தத் தண்ணீரை அடிக்க விடாதீர்கள், மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். வீட்டுக் குழாய்த் தண்ணீர் போதும்.

ஹைபிரிட் வைத்திருப்போர் கவனம். அவற்றில் பலவற்றின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, அதற்குரிய எண்ணெயும் வேறு. தெரியாதவர் கையில் கொடுக்க வேண்டாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. புதியது வாங்கும் விலையா இன்றைக்கு? பழையதைத்தான் பார்த்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதக் கிளினிக்குக்கும் அதே காரில்தான் போனோம். குளிர் கூடிவிட்டது என்று உம்மா கண்ணாடியை இறக்கச் சொன்னார்.