மலையில் அடித்த மருந்துக்குக் கடலில் ஒரு சாட்சி

பதுளையிலிருந்து கடலைப் பார்க்க நெடுந்தூரம் போகவேண்டும். மலையில் பெய்யும் மழையோ தானாகவே அங்கு போய்ச் சேர்ந்துவிடுகிறது. நகரைத் தொட்டு ஓடும் பதுளு ஓயா, துன்ஹிந்தவில் 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, மகாவலியில் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலை எட்டுகிறது. பண்டாரவளைப் பக்கத்து மலைகளில் பிறக்கும் கிரிந்தி ஓயா தென்கடலுக்குப் போகிறது. 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயா திட்டம், வெலிமடைப் பக்கத்துத் தண்ணீரில் ஒரு பகுதியைச் சுரங்க வழியாக அதே கிரிந்தி ஓயாவுக்குத் திருப்பியிருக்கிறது.

தண்ணீர் தனியாகப் போவதில்லை.

1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. இளங்கொழுந்தையே தாக்கும் பூஞ்சை அது. அன்றிலிருந்து செம்பு கலந்த மருந்துதான் தோட்டங்களின் முக்கியக் கவசம். வடகீழ்ப் பருவமழை இறங்கும் மாதங்களில் ஊவா மலைகளில் தெளிப்பானை முதுகில் சுமந்து மருந்து அடிப்பார்கள். தேயிலைக்குத் துத்தநாக சல்பேட்டும் தெளிப்பதுண்டு. வெலிமடையின் உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும் பூஞ்சைக்கொல்லி வேண்டும். பொஸ்பேட் உரத்தில் சிறிதளவு கட்மியம் ஒட்டிவரும். பூச்சிக்கொல்லிகளில் பல காலப்போக்கில் சிதைந்துபோகும், உலோகம் சிதையாது. செம்பு மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். சரிவில் மண் அரிக்கும்போது அதுவும் ஆற்றில் இறங்கும்.

அது கடல்வரை வருகிறதா என்று எப்படி அறிவது? போத்தலில் கடல்நீர் அள்ளிச் சோதித்தால் அந்த நேரத்து அளவு தெரியும். அடுத்த வெள்ளத்தில் அது மாறிவிடும். ஆண்டு முழுதும் அங்கேயே வாழும் கடற்பாசியையும் கடற்புல்லையும் கேட்பதுதான் நல்ல வழி.

இதற்கு மலையும் ஆறும் கடலும் சேர்ந்த ஒரு முன்னுதாரணம் உண்டு. தென்மேற்கு இங்கிலாந்தின் பழைய செம்பு, ஈயச் சுரங்கங்களைக் கழுவிவரும் ஆறுகளின் முகத்துவாரங்களில், பிளைமவுத் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிரையன், ஹம்மர்ஸ்டோன் இருவரும் பழுப்புக் கடற்பாசியைச் சேகரித்துச் சோதித்தார்கள். 1973இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, பாசியில் உள்ள உலோக அளவைக் கொண்டே ஆற்றுமுகத்தின் மாசை மதிப்பிடலாம் என்று காட்டியது.

கடற்பாசிக்கு வேர் இல்லை. நீரில் கரைந்த உலோகத்தை உடல் முழுதாலும் உறிஞ்சும். பழுப்புப் பாசியின் செல்சுவரில் உள்ள அல்ஜினேட் அதை இறுகப் பிடித்துவைக்கும். கடற்புல் அப்படியல்ல. அது வேரும் தண்டும் பூவும் உள்ள உண்மையான தாவரம். இலை நீரிலிருந்தும் வேர் சேற்றிலிருந்தும் உலோகத்தை எடுக்கின்றன. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டால் நீரில் இப்போது வருவதையும் சேற்றில் முன்பே படிந்ததையும் ஓரளவு பிரித்தறியலாம். மத்தியதரைக் கடலின் பொசிடோனியா புல்லில் உதிர்ந்த இலைகளின் அடிப்பகுதி தண்டிலேயே ஒட்டிநிற்கும். அதைப் படித்துக் கடந்த ஆண்டுகளின் மாசையும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

வேலை கடினமல்ல, ஒழுங்குதான் வேண்டும். ஒரே இனம், ஒரே பருவம், ஒரே வயது இலை. ஒட்டுயிரிகளைச் சுரண்டி, கழுவி, உலர்த்தி, அமிலத்தில் கரைத்து அளக்கவேண்டும். ஆற்றுமுகத்தில் மட்டும் எடுத்தால் போதாது. படகுகளின் அடிப்பூச்சிலும் செம்பு இருப்பதால், ஆற்றுமுகத்துக்கு அப்பாலும் துறைமுகத்தை ஒட்டியும் மாதிரி எடுத்து ஒப்பிடாமல் தோட்டத்தின் மேல் பழிபோடக்கூடாது. இடையில் உள்ள அணைகள் வண்டலைத் தடுத்துவைப்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இத்தகைய பதிவின் தேவை தோட்டத்தோடு நிற்பதில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியது. அதன் சரக்கில் ஈயக் கட்டிகளும் இருந்தன. இத்தகைய விபத்துக்குப் பின் சேதத்தைக் கணக்கிட, கடலில் உலோகம் முன்பு எவ்வளவு இருந்தது என்ற பதிவு கையில் இருக்கவேண்டும். மார்ச் 1ஐ உலகக் கடற்புல் நாளாக ஐ.நா. 2022இல் அறிவித்தது இலங்கை கொண்டுவந்த தீர்மானத்தால்தான். அந்தப் பெருமைக்கு ஏற்ற வேலையும் நடக்கவேண்டும்.

பதுளையில் உள்ள ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் நீர்வளத் தொழில்நுட்பமும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. இரு துறை மாணவர்களும் சேர்ந்து, பசறைத் தோட்டத்து மண்ணையும் கொட்டியாரக் குடாவை அண்டிய கடற்புல்லையும் ஆண்டுதோறும் சோதித்துப் பதிவுசெய்ய வேண்டும். அதற்கான செலவில் தோட்டக் கம்பனிகளும் பங்கேற்க வேண்டும்.